ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் டயல் செய்ய விடுவது எப்படி? லினக்ஸில் எந்த வழி தேறும்?

"அண்ணே, நெட் போட பாஸ்வேர்ட் கேக்குது, என்ன அது?" மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா பக்கம் லினக்ஸ் போட்ட பொதுக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவர் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நான் பார்த்துக்கொள்வது ஒரு மாலை நேரப் படிப்பறையின் கம்ப்யூட்டர். ஏதோ ஆபீஸில் கழித்துக் கொடுத்த பெட்டி, அதில் டெபியன் என்ற லினக்ஸ். பிள்ளைகள், பாடம் சொல்லித்தரும் அக்கா, கரன்ட் பில்லும் சிம் ரீசார்ஜும் கட்டும் அண்ணாச்சி என்று ஆளுக்கொரு லாகின். இணைப்பு ப்ரீபெய்ட் சிம் செருகிய யுஎஸ்பி டாங்கிள். மோடம் போலவே நடந்துகொள்ளும் பழைய வகை டாங்கிள் என்பதால் செருகியவுடன் நெட் வராது. நட்சத்திரம், 99, ஹேஷ் என்று ஒரு எண்ணை டயல் செய்ய வேண்டும்.

டயல்-அப் இன்னுமா இருக்கிறது என்று கேட்கலாம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட காலத்தில் போன் லைனில் மோடத்தை மாட்டிக்கொண்டு, அது கீச்சிட்டு முடிக்கும்வரை காத்திருந்தோமே, அந்த வகை போய்விட்டதுதான். ஆனால் அதற்குப் பின்னால் லினக்ஸில் ஓடிய பிபிபிடி என்ற புரோகிராம் எங்கும் போகவில்லை. போன் மோடம், மோடம் வகை டாங்கிள், ஏரியா கேபிள்காரர் யூசர்நேம் பாஸ்வேர்டோடு தருகிற பிபிபிஓஇ இணைப்பு என்று எதுவாக இருந்தாலும் கம்ப்யூட்டரிலிருந்தே டயல் செய்தால் கடைசியில் வேலை செய்வது அதுதான். அதனால் பிரச்சினையும் அப்படியே இருக்கிறது: பிபிபிடிக்கு ரூட் (கம்ப்யூட்டரில் எதையும் செய்யக்கூடிய தலைமை யூசர்) அதிகாரம் வேண்டும், உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது இல்லை.

ஏன் வேண்டும்? பிபிபி0 என்று ஒரு புது இன்டர்ஃபேஸை எழுப்ப வேண்டும். லினக்ஸின் மையமான கர்னலின் வழித்தட அட்டவணையில் வெளியே போகும் பாதையை மாற்ற வேண்டும். சீரியல் போர்ட்டைத் திறக்க வேண்டும். பாஸ்வேர்ட் எழுதிவைத்த கோப்பைப் படிக்க வேண்டும். இவற்றில் எதையும் சாதாரண யூசர் செய்ய முடியாது. செய்ய முடியாமல் இருப்பதும் நல்லதுதான்.

வழிகள் பல. அவற்றை எடைபோட நான் வைத்துக்கொள்வது ஒரே கேள்வி. இணைப்பைத் தொடங்கும் உரிமையும், அந்த இணைப்பு எதை, எந்த எண்ணில், எந்தப் பாஸ்வேர்டோடு அழைக்கிறது என்பதை மாற்றும் உரிமையும் தனித்தனியாகப் பிரிகின்றனவா? முதல் உரிமை எல்லோருக்கும் போகலாம். இரண்டாவது காசு கட்டுகிறவரோடு நிற்க வேண்டும்.

பார்த்தவுடன் தள்ள வேண்டியவை

ரூட் பாஸ்வேர்டையே சொல்லிவிடுவது. சொன்ன மறுநாள் அது மொத்த மாடிக்கும் தெரிந்திருக்கும். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

டயல் செய்கிற ஷெல் ஸ்கிரிப்டுக்கு செட்யூஐடி பிட் போடுவது, அதாவது யார் ஓட்டினாலும் கோப்பின் சொந்தக்காரர் அதிகாரத்தில் ஓடும்படி குறித்துவைப்பது. கேட்க சுலபமாகத் தெரியும், வேலை செய்யாது. ஸ்கிரிப்ட் மீது இருக்கும் அந்தப் பிட்டை லினக்ஸ் கர்னல் கண்டுகொள்வதே இல்லை. கம்பைல் செய்த புரோகிராமுக்கு மட்டும்தான் அது செல்லும்.

மூன்றாவது, எல்லோரையும் டயல்அவுட் குரூப்பில் சேர்ப்பது. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டெபியனில் சீரியல் போர்ட்டுகள் எல்லாம் இந்தக் குரூப்புக்குச் சொந்தம். டாங்கிளைச் செருகினால் வரும் டிடிஒய்யூஎஸ்பி0 போன்றவையும் அப்படியே. இந்தக் குரூப்பில் இருக்கிறவருக்கு டாங்கிளோடு நேருக்கு நேர் பேசும் உரிமை வந்துவிடும். மினிகாம் மாதிரி ஒரு டெர்மினல் புரோகிராமைத் திறந்து மோடத்துக்கு இடும் ஏடி கட்டளைகளை அடித்தால் அந்தச் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பலாம், பேலன்ஸ் பார்க்கலாம், டாங்கிள் இடம் கொடுத்தால் வேறு எண்ணுக்குக்கூட அழைக்கலாம். அண்ணாச்சி பெயரில் வாங்கிய சிம் அது. இத்தனையும் கொடுத்த பிறகும் வழித்தட அட்டவணையைத் தொடும் உரிமை வராது, ஆகவே நெட்டும் வராது. வேண்டாததைத் தாராளமாகக் கொடுத்து, வேண்டியதைக் கொடுக்காத ஏற்பாடு.

டிப் குரூப்பும் பியர்ஸ் கோப்பும்

டெபியன் குடும்பத்தில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு ஆரம்பத்திலிருந்து இருக்கிறது. பிபிபிடி புரோகிராம் செட்யூஐடி ரூட்டாக, டிப் என்ற குரூப்பின் உறுப்பினர்கள் மட்டும் ஓட்டும்படி நிறுவப்படுகிறது. மற்றவர்கள் ஓட்டப் பார்த்தால் அனுமதி இல்லை என்று திரும்பிவிடும்.

செட்யூஐடி என்றதும் பயம் வருவது நியாயம். ஆனால் பிபிபிடியை எழுதியவர்கள், தன்னை அழைக்கிறவர் நம்பத்தகாதவராக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். அதன் ஆப்ஷன்களில் சில சலுகை பெற்றவை. உதாரணத்துக்கு, எதிர்முனை தன்னை நிரூபிக்கத் தேவையில்லை என்று சொல்லும் நோஆத். சாதாரண யூசர் கட்டளை வரியில் இதை அடித்தால் எடுபடாது. அதையே நிர்வாகி /ஈடிசி/பிபிபி/பியர்ஸ் ஃபோல்டரில் ஒரு கோப்பில் எழுதிவைத்து, யூசர் 'கால்' என்ற ஆப்ஷனோடு அந்தக் கோப்பின் பெயரைச் சொன்னால் எடுபடும். பெயரில் சாய்கோட்டில் தொடங்கும் பாதையோ, மேல் ஃபோல்டருக்குப் போகும் இரட்டைப் புள்ளியோ இருந்தால் மறுத்துவிடும். யூசர் தன் ஹோம் ஃபோல்டரில் கோப்பு செய்து அதைக் காட்டி ஏமாற்ற முடியாது.

எந்த போர்ட், எந்த சாட் ஸ்கிரிப்ட் (மோடத்தை டயல் செய்ய வைப்பது) என்பதும் அந்தக் கோப்பிலேயே இருக்கும். அப்படி நிர்வாகி குறித்த போர்ட்டை பிபிபிடி ரூட்டாகவே திறந்துகொள்வதால், யூசர் டயல்அவுட் குரூப்பில் இருக்கத் தேவையில்லை. பாஸ்வேர்ட் தேவைப்படும் இணைப்பாக இருந்தால் அது ரூட் மட்டும் படிக்கும் பேப்-சீக்ரெட்ஸ், சேப்-சீக்ரெட்ஸ் கோப்புகளில் கிடக்கும். பிள்ளைகள் கண்ணில் படாது. நான் மேலே கேட்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது. உரிமை ஆளுக்கும் போகவில்லை, புரோகிராமுக்கும் மொத்தமாகப் போகவில்லை. பெயர் வைத்த ஒரு இணைப்புக்கு மட்டும் போகிறது.

யூசர் பக்கம் செய்ய வேண்டியது ஒரு கட்டளை. டெபியன் தரும் பி-ஆன் என்ற குட்டி ஸ்கிரிப்டோடு இணைப்பின் பெயரை அடித்தால் டயல் ஆகும். பெயர் சொல்லாவிட்டால் 'ப்ரொவைடர்' என்ற கோப்பை எடுத்துக்கொள்ளும். நிறுத்த பி-ஆஃப். டெஸ்க்டாப்பில் இரண்டு ஐகான் வைத்து "நெட் ஆன்", "நெட் ஆஃப்" என்று தமிழில் பெயர் போட்டுவிட்டால் போதும்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. சாட் ஸ்கிரிப்டை, அதாவது மோடத்திடம் எண்ணைச் சொல்லி டயல் செய்ய வைக்கும் வேலையை, பிபிபிடி அழைத்த யூசரின் பெயரில்தான் ஓட்டும். அதனால் அந்த ஸ்கிரிப்ட் கோப்பை யூசர் படிக்க முடிய வேண்டும். டெபியனின் சாட்ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டர் டிப் குரூப்புக்குத் திறந்திருக்கும், ஆனால் உள்ளே போடும் கோப்பை ரூட் மட்டும் படிக்கும்படி சேமித்துவிட்டால் ரூட்டாக டயல் செய்யும்போது நெட் வரும், பிள்ளை டயல் செய்தால் வராது. இப்படி ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அதே காரணத்தால் அந்த ஸ்கிரிப்டுக்குள் பாஸ்வேர்ட் எழுதக் கூடாது. அடுத்து, குரூப்பில் சேர்த்தால் லாக்அவுட் செய்து திரும்ப வந்தால்தான் செல்லும். "சேத்துட்டேன்னு சொன்னீங்க, வரலையே அண்ணே" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. பல டாங்கிள்கள் முதலில் சிடி டிரைவ் போலக் காட்டிக்கொள்ளும், யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பேக்கேஜ் இருந்தால் மோடமாக மாறும். மாறிய பிறகும் மூன்று நான்கு போர்ட் காட்டும், எண்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும் என்று நம்ப முடியாது. டெவ் ஃபோல்டருக்குள் சீரியல், அதனுள் பை-ஐடி என்ற இடத்தில் இருக்கும் நிலையான பெயரை பியர்ஸ் கோப்பில் எழுதுவது நல்லது. மோடங்களைத் தானே கையாளும் மோடம்மேனேஜர் என்ற புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தால் அது போர்ட்டுகளை நோண்டிக்கொண்டிருக்கும். பிபிபிடியை நேரடியாகப் பயன்படுத்துவதாக முடிவெடுத்தால் மோடம்மேனேஜரை நிறுத்திவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிபிபிடியில் ப்ரிவ்குரூப் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அதில் சொன்ன குரூப்பில் இருப்பவர்கள் எல்லாச் சலுகை ஆப்ஷன்களையும் கேட்கலாம். பியர்ஸ் கோப்பு எழுதச் சோம்பல்பட்டு இதைப் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் குரூப்பில் உள்ளவர்கள் பிபிபிடி வழியாக ரூட்டாகவே மாறிவிட மாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று பிபிபிடியின் மேன் பக்கமே சொல்கிறது.

சூடோ

இந்த ஊரில் லினக்ஸ் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது சூடோதான். ஒரு கட்டளையை ரூட் பெயரில் ஓட்ட விடும் கருவி அது. அதன் விதிகளை எழுதும் விசூடோவில் ஒரு வரி: இந்தக் குரூப்பில் உள்ளவர்கள் இந்தக் கட்டளையைப் பாஸ்வேர்ட் இல்லாமல் ரூட்டாக ஓட்டலாம். எந்த டிஸ்ட்ரோவிலும் (லினக்ஸ் வகையிலும்) வேலை செய்யும், புரிந்துகொள்ளவும் சுலபம். டிப் குரூப் ஏற்பாடு இல்லாத டிஸ்ட்ரோவில் நானும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த ஒரு வரியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சூடோயர்ஸ் கோப்பில் கட்டளையின் பாதையை மட்டும் எழுதினால், அதோடு எந்த ஆர்குமென்ட் சேர்த்தாலும் அனுமதி என்று அர்த்தம். பி-ஆன் ஸ்கிரிப்டோ, இணைப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எதையும் அப்படியே பிபிபிடியிடம் தள்ளிவிடும். பிபிபிடியில் 'கனெக்ட்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதற்குப் பின்னால் எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் ஓட்டும். சாதாரணமாக அது அழைத்தவர் பெயரில் ஓடுவதால் ஆபத்தில்லை. சூடோ வழியாக வரும்போது அழைத்தவரே ரூட். ஆக, கவனக்குறைவாக எழுதிய ஒரு வரி, பத்தாம் வகுப்புப் பையன் கையில் முழு ரூட் ஷெல்லாகிவிடும். அவன் செய்ய மாட்டான் என்பீர்கள். எங்கள் அறையில் செய்யக்கூடியவன் இருக்கிறான், அவன் நன்றாக வருவான் என்றுதான் நினைக்கிறேன், அதற்காக இப்போதே ரூட் கொடுக்க முடியாது.

அதனால் சூடோ என்றால், இணைப்பின் பெயரையும் சேர்த்து முழுக் கட்டளையை எழுத வேண்டும். அப்படி எழுதினால் அந்த ஆர்குமென்ட்களோடு மட்டுமே ஓடும். நிறுத்தும் கட்டளைக்கும் தனியாக ஒரு வரி வேண்டும். பிபிபிடி ரூட் பெயரில் ஓடுவதால், அதைத் தொடங்கிய பிள்ளையாலேயே சூடோ இல்லாமல் நிறுத்த முடியாது.

பழைய டயலர்கள்

கேடிஇ டெஸ்க்டாப்பின் கேபிபிபி ஒரு காலத்தில் எல்லோருக்கும் பிடித்த கருவி. அதுவும் செட்யூஐடிதான், ஆனால் ரூட் வேலைகளை ஒரு பிராசஸிலும் திரையில் தெரிவதை இன்னொன்றிலும் பிரித்து வைத்திருந்தார்கள், நல்ல வடிவமைப்பு. இப்போதைய கேடிஇயில் அது இல்லை, ஆகவே விட்டுவிடலாம். ரெட் ஹேட் பக்கம் இன்டர்ஃபேஸ் கோப்பில் யூசர்சிடிஎல்=யெஸ் என்று ஒரு வரி எழுதினால் யூசர்நெட்சிடிஎல் மூலம் யார் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று இருந்தது. கச்சிதமான யோசனை. அந்தப் பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்டுகளையே ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

வீவ்டயல் என்ற டயலர் இன்னும் பலருக்குப் பழக்கம். மோடத்தைத் தானே கண்டுபிடிக்கும், கான்ஃபிக் கோப்பு எழுதிக் கொடுக்கும், நிர்வாகிக்கு முதல் நாள் வசதிதான். யூசர் கையில் கொடுக்க ஏற்றதல்ல. பாஸ்வேர்டை அதன் கான்ஃபிக் கோப்பிலேயே வைக்கிறது, யூசர் ஓட்ட வேண்டுமென்றால் யூசர் அதைப் படிக்க வேண்டும். போதாததற்கு ஓடும்போது அதைப் பேப்-சீக்ரெட்ஸ் கோப்பிலும் எழுதப் பார்க்கும். சாதாரண யூசராக ஓட்டினால் அந்தக் கோப்பை மாற்ற முடியவில்லை, பேப் என்ற பாஸ்வேர்ட் சரிபார்ப்பு ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம் என்று திரையில் அலுத்துக்கொள்ளும். அந்த வரிகளைப் பார்த்துப் பயந்து கோப்பின் அனுமதியைத் திறந்துவிடுகிறவர்கள் அதிகம். திறக்காதீர்கள்.

நெட்வொர்க்மேனேஜர்

டெஸ்க்டாப் முன்னால் உட்கார்ந்து மவுஸால் மட்டும் வேலை செய்கிறவர்கள் என்றால் இதுதான் இன்றைய இயல்பான வழி. டாங்கிளை மோடம்மேனேஜர் பார்த்துக்கொள்ளும், சிம் பின் கேட்கும், சிக்னல் காட்டும். யாருக்கு என்ன அனுமதி என்பதைப் போல்கிட் என்ற தனிப் பகுதி தீர்மானிக்கும். கம்ப்யூட்டர் முன்னால் லாகின் செய்து உட்கார்ந்திருக்கிறவர் ஏற்கெனவே இருக்கும் இணைப்பைத் தொடங்கலாம், நிறுத்தலாம். எல்லோருக்குமான இணைப்பை மாற்றப் போனால் பல டிஸ்ட்ரோக்களில் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். இங்கேயும் தொடங்கும் உரிமையும் மாற்றும் உரிமையும் பிரிகின்றன. இணைப்பின் விவரமும் பாஸ்வேர்டும் ரூட் மட்டும் படிக்கும் கோப்பில் இருக்கும். குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் என்று ஒரு இணைப்பை ஒதுக்கவும் வழி உண்டு.

டிப் குரூப்பில் இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது. ஒருவர் தொடங்கிய இணைப்பை அடுத்து உட்காருகிறவர் நிறுத்தலாம். பிபிபிடியை ஒரு பிள்ளை நேரடியாகத் தொடங்கினால் அந்தப் பிராசஸ் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். அவளும் ரூட்டும்தான் நிறுத்த முடியும். அவள் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அக்கா என்னைக் கூப்பிடுவார்.

இதன் கஷ்டம் வேறு இடத்தில். வேறு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வருகிறவருக்கு அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும், ஏனென்றால் அவர் கம்ப்யூட்டர் முன்னால் இல்லை. டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ போல்கிட் விதிகள் மாறும், ஆகவே ஒரு சாதாரண லாகினில் போய் இணைப்பை மாற்றிப் பார்த்து, பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று சோதித்த பிறகுதான் நம்ப வேண்டும்.

யாரும் டயல் செய்யாமலே

இன்னொரு யோசனையும் வரும். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானே இணைந்துவிடட்டும், அல்லது யாராவது வெளியே ஒரு பாக்கெட் அனுப்பினால் பிபிபிடியே டயல் செய்யட்டும் ('டிமாண்ட்' ஆப்ஷன் அதற்குத்தான்). யாருக்கும் எந்த உரிமையும் கொடுக்கத் தேவையில்லை, கேள்வியே எழாது. கேபிள்காரரின் பிபிபிஓஇ இணைப்பு என்றால் இன்னும் நல்லது, டயல் செய்யும் வேலையை ரவுட்டரிடமே கொடுத்துவிடலாம். வரம்பில்லாத இணைப்பு வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் மாதிரி ஆட்களுக்கு ஒத்துவராது. அந்தக் காலத்தில் டிமாண்ட் டயலிங் போட்டவர்களுக்குப் போன் பில் எகிறியது. மெயில் புரோகிராமோ, தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் விசாரிப்போ யாரும் இல்லாத நேரத்தில்கூட லைனை எழுப்பிவிடும், பல்ஸ் ஓடும். இப்போது நேரத்துக்குக் காசில்லை, டேட்டாவுக்குத்தான். ஆனால் டெபியன் தானாகவே அப்டேட் பட்டியலை இறக்கப் போகும், பிரவுசர் தன் பங்குக்குப் போகும். காலையில் யாரும் வருவதற்கு முன்பே அன்றைய டேட்டாவில் ஒரு பகுதி கரைந்திருக்கும்.

எங்கள் அறைக்கு எது

பிள்ளைகளும் அக்காவும் மட்டும் என்றால் நெட்வொர்க்மேனேஜரிலேயே விட்டிருப்பேன். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யாராவது கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். முடிவை மாற்றியது அண்ணாச்சி கேட்ட ஒரு விஷயம்: "தம்பி, யாரு எவ்வளவு இழுக்காவன்னு தெரியுமா?" திட்டுவதற்காகக் கேட்கவில்லை. ரிசல்ட் பார்ப்பதற்கும் ஸ்காலர்ஷிப் ஃபார்ம் நிரப்புவதற்கும் போகிறதா, வீடியோவுக்குப் போகிறதா என்று தெரிந்தால் பெரிய பேக் போடலாமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார்.

இங்கேதான் டிப் குரூப் வழி தனித்து நிற்கிறது. பிபிபிடி இணைப்பை முடிக்கும்போது ஐபி-டவுன் ஸ்கிரிப்டை ஓட்டும். அதற்குச் சில தகவல்களைக் கையில் கொடுத்து அனுப்பும்: எத்தனை நொடி இணைப்பில் இருந்தது, எத்தனை பைட் போனது, எத்தனை பைட் வந்தது, பிபிபிடியை அழைத்தவரின் லாகின் பெயர் என்ன. இவற்றை ஒரு கோப்பில் வரிசையாக எழுதும் குட்டி ஸ்கிரிப்டை ஐபி-டவுன்.டி ஃபோல்டரில் போட்டால் கணக்குப் புத்தகம் தயார். சூடோ வழியாக டயல் செய்தால் பிபிபிடியை அழைப்பது ரூட் என்பதால், அந்தப் பெயர் இடத்தில் பிள்ளையின் பெயர் வரும் என்று நம்ப முடியாது. நெட்வொர்க்மேனேஜர் வழியிலும் பிபிபிடியை ஓட்டுவது ரூட்தான். யார் பொத்தானை அழுத்தினார் என்பது அதன் லாகில் இருக்கும் என்றாலும், பைட் கணக்கோடு சேர்த்துப் பொருத்துவது தனி வேலை.

ஒருவர் டயல் செய்துவிட்டு எழுந்துபோக, அடுத்தவர் அதிலேயே உட்கார்ந்தால் கணக்கு முதல் ஆள் பெயரில் விழும், உண்மைதான். அதற்காகத்தான் பியர்ஸ் கோப்பில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். ஐடில் 300: ஐந்து நிமிடம் எந்தப் போக்குவரத்தும் இல்லாவிட்டால் துண்டித்துவிடும். மேக்ஸ்கனெக்ட் 3600: என்ன நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் துண்டித்துவிடும், பின்னால் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. வேண்டுமென்றால் தங்கள் லாகினில் திரும்ப "நெட் ஆன்" அழுத்திக்கொள்ளட்டும். அக்காவுக்கு மட்டும், யார் தொடங்கிய இணைப்பையும் நிறுத்தும்படி பி-ஆஃப் கட்டளைக்கு ஒரே ஒரு சூடோ வரி, இணைப்பின் பெயரோடு சேர்த்து எழுதியிருக்கிறேன். கணக்குக் கோப்பை அண்ணாச்சி தன் லாகினில் திறந்து பார்க்கலாம், பிள்ளைகளால் முடியாது.